தவிட்டுக்கு வாங்கிய பிள்ளைகள்

1

சில மாதங்களுக்கு முன் லண்டனில் ஒரு சனிக்கிழமைத் தமிழ்ப் பாடசாலையின் பெற்றோர் கூட்டத்துக்குப் போயிருந்தேன். பரீட்சை, கலைவிழா, மண்டப வாடகை என்று போய்க்கொண்டிருந்த பேச்சு திடீரென்று வேறு திசைக்குத் திரும்பியது. ஒரு தகப்பன் எழுந்து, தன் மகள் படிக்கும் ஆங்கில ஆரம்பப் பாடசாலையிலிருந்து வந்த கடிதத்தைக் காட்டினார். பிள்ளைகளுக்குப் பாலியற் கல்வி கொடுக்கப் போகிறார்களாம். விருப்பமில்லாத பெற்றோர் பிள்ளையை அந்த வகுப்பிலிருந்து விலக்கும்படி கேட்கலாமாம். "நாங்கள் எல்லாரும் சேர்ந்து விலக்க வேணும். எங்கட கலாசாரத்தில இதெல்லாம் பிள்ளையளோட கதைக்கிற வழக்கம் இல்லை" என்றார். கைதட்டினார்கள். நானும் அங்கே இருந்தேன். வாய் திறக்கவில்லை.

அதற்கான தண்டனை அடுத்த வாரமே கிடைத்தது. என் தங்கையின் மகள் இரண்டாவது பிள்ளையைச் சுமந்துகொண்டிருக்கிறாள். அவளுடைய மூத்தவளுக்கு ஐந்து வயது. என் மடியில் இருந்துகொண்டு கேட்டாள்: "தாத்தா, பேபி எங்க இருந்து வாறது?" நான் யோசிக்காமலே சொன்னேன்: "ஆஸ்பத்திரியில இருந்து." பிள்ளை என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இருக்கவில்லை, இரக்கம்தான் இருந்தது. "இல்லைத் தாத்தா. ஆஸ்பத்திரியில வெளியில வாறது. உள்ளுக்கு எப்பிடிப் போனது?"

ஒரு காலத்தில் வரலாறு படிப்பித்தவன் நான். இன்று தொழிற்சாலையில் இரவு வேலை செய்கிறேன். இயந்திரத்தின் முன் எட்டு மணித்தியாலம் நிற்பவனுக்கு யோசிக்க நிறைய நேரம் உண்டு. நான் யோசித்தது இதுதான்: 'எங்கள் கலாசாரத்தில் இல்லை' என்பது ஒரு வரலாற்றுக் கூற்று. ஒழுக்கம் பற்றிய கூற்றை நம்பிக்கையால் தாங்கலாம்; வரலாற்றுக் கூற்றுக்குச் சான்று வேண்டும். அந்தக் கூட்டத்தில் ஒருவரும் சான்று கேட்கவில்லை. ஆகவே இங்கே கேட்கிறேன்.

2

முதலில் எங்கள் வீடுகளில் சொல்லப்பட்ட பதில்கள். மருத்துவிச்சி பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்தாள். கோயில் கேணியடியில் கண்டெடுத்தோம். ஆஸ்பத்திரியில் வாங்கினோம். இவற்றுள் தமிழர் வாழும் இடமெங்கும் வழங்குவது ஒன்றுண்டு: "உன்னைத் தவிட்டுக்கு வாங்கினது." பிள்ளையை அழவைத்துச் சிரிப்பதற்காகப் பெரியவர்கள் சொல்லும் பகிடி இது.

இந்தப் பகிடிக்குள் ஒரு வரலாறு புதைந்து கிடக்கிறது. பிறந்த பிள்ளைகள் தொடர்ந்து இறந்துபோகும் வீடுகளில், அடுத்துப் பிறக்கும் பிள்ளையை இன்னொருத்தியிடம் கொடுத்துவிட்டு, கொஞ்சத் தவிடு கொடுத்து அவளிடமிருந்து திரும்ப வாங்கும் வழக்கம் தமிழரிடையே இருந்தது. இது எங்கள் பிள்ளையல்ல, விலைக்கு வாங்கியது, பெறுமதியில்லாதது என்று யமனை ஏமாற்றுவது நோக்கம். பிச்சை, குப்பை போன்ற பெயர்கள் பிள்ளைகளுக்கு வைக்கப்பட்டதும் இதே பயத்தினால்தான். 1935இல், மலேரியாக் கொள்ளைநோய் இலங்கையை வாட்டிய காலத்தில், உயிருடன் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 263 ஒரு வயதை எட்டாமல் இறந்தன. அதாவது நாலில் ஒன்று. அந்த உலகத்தில் தவிடு தாயின் கண்ணீரோடு சம்பந்தப்பட்ட பொருள். சாவைப் பற்றிய பயம் நீங்கிய பிறகு சடங்கு மறைந்தது. பொய் மட்டும் பகிடியாக எஞ்சியது.

ஆகவே பொய்யும் இயற்கையானதல்ல. அதற்கும் ஒரு காலமும் காரணமும் உண்டு. காரணம் போன பின்னும் அதை நாங்கள் 'கலாசாரம்' என்று காவித் திரிகிறோம்.

3

பொய்யை விட்டு உண்மைக்கு வருவோம். பிறப்பைப் பற்றி எங்கள் இலக்கியம் மௌனமாக இருந்ததா?

பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை யாழ்ப்பாணத்துப் பண்பாட்டைக் 'கந்தபுராண கலாசாரம்' என்றார். அந்தப் புராணத்தின் நடுவிலே இருப்பது ஒரு பிறப்பு. சிவனின் நெற்றிக்கண்ணிலிருந்து ஆறு பொறிகள் எழுகின்றன. சரவணப் பொய்கையில் தாமரைகளின் மேல் ஆறு குழந்தைகளாகின்றன. கார்த்திகைப் பெண்கள் பாலூட்டுகிறார்கள். ஒரு பிள்ளைக்கு இதைவிட அற்புதமான பிறப்புக் கதை கிடைக்காது. ஆனால் இந்த அற்புதத்தில் கருப்பைக்கு இடமில்லை. சீதை உழுசாலில் கிடைக்கிறாள். காந்தாரியின் நூறு பிள்ளைகள் குடங்களில் வளர்கிறார்கள். குந்திக்கு மந்திரம் போதும். பெண்ணுடலைச் சுற்றிக்கொண்டு போகும் பாதையிலேயே எங்கள் அற்புதங்களிற் பல நிகழ்கின்றன.

கருப்பையைப் பேசும் இலக்கியமும் உண்டு. திருமந்திரத்தின் இரண்டாம் தந்திரத்தில் 'கர்ப்பக் கிரியை' என்றே ஒரு பகுதி இருக்கிறது. கரு எப்படி உருவாகிறது, ஆணாவதும் பெண்ணாவதும் எதனால், ஊனங்கள் எதனால் வருகின்றன என்றெல்லாம் அது பேசுகிறது. மாணிக்கவாசகரின் போற்றித் திருஅகவல், தாயின் வயிற்றில் உயிர் கடக்கும் ஆபத்துகளை முதல் மாதத்திலிருந்து பத்தாம் மாதம் வரை மாதம் மாதமாகச் சொல்கிறது. திருவாசக முற்றோதலில் பெரியவர்களோடு சின்னப் பிள்ளைகளும் இருந்து கேட்பார்கள். பட்டினத்தார் பெயரில் வழங்கும் உடற்கூற்று வண்ணம் ஆணும் பெண்ணும் கூடுவதிலிருந்து தொடங்கிச் சுடலையில் முடிகிறது. தமிழ்நாட்டில் மரண வீடுகளில் அது பாடப்படுவதுண்டு. பிள்ளை எங்கிருந்து வருகிறது என்பதைப் பிணத்தின் முன்னால் சத்தமாகப் பாடலாம். கேட்கும் பிள்ளைக்கு மெதுவாகவும் சொல்லக்கூடாது!

உடனே மார்தட்டும் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. 'எல்லாம் எங்களிடம் அப்போதே இருந்தது' என்று நான் சொல்லவரவில்லை. மூச்சு வலப்பக்கம் ஓடினால் ஆண், இடப்பக்கம் ஓடினால் பெண் என்று திருமந்திரம் சொல்வது விஞ்ஞானமாகாது. நான் கவனிக்கச் சொல்வது வேறொன்றை. இந்நூல்கள் கருவறையைப் பற்றி ஏன் பேசின? போற்றித் திருஅகவலும் உடற்கூற்று வண்ணமும் பிறவியின் துன்பத்தையும் உடலின் இழிவையும் காட்டி, இனிப் பிறக்கக்கூடாது என்ற எண்ணத்தை உண்டாக்கவே பேசின. தாயின் வயிறு அங்கே புழுக்களும் துயரமும் நிறைந்த சிறை. துறவுக்கு ஆள் சேர்க்கும் உடலியல் அது.

ஆக எங்களிடம் இரண்டு மொழிகள் இருந்தன: கருப்பையில்லாத வியப்பின் மொழி, வியப்பில்லாத கருப்பையின் மொழி. ஐந்து வயதுப் பிள்ளை இரண்டுக்கும் நடுவில் நின்று கேள்வி கேட்கிறது. வியந்து கேட்கிறது, உண்மையைக் கேட்கிறது. எங்களுக்கு வாயடைத்துப் போவதற்கு வெட்கம் ஒரு காரணம் மட்டுமே. கையில் பொருத்தமான மொழி இல்லாதது அதைவிடப் பெரிய காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

இன்னொன்றையும் குறிப்பிட வேண்டும். ஆறுமுக நாவலர் பிள்ளைகளுக்காக எழுதிய பாலபாடங்களில் நான்காவதில் 'வியபிசாரம்' என்ற தலைப்பில் ஒரு பாடமே இருக்கிறது. தலைமுறை தலைமுறையாக யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் அதைப் படித்தார்கள். பிறன் மனைவியை விரும்பினால் என்ன தண்டனை என்று அறிந்த பிள்ளைக்கு, தான் எப்படிப் பிறந்தோம் என்பது தெரியாது. எங்கள் கல்வி பாலுறவைப் பற்றிப் பேசாமல் இருக்கவில்லை. பாவமாக மட்டுமே பேசியது.

4

நூல்களுக்கு வெளியே இந்த அறிவை உண்மையிலேயே கையில் வைத்திருந்தவள் மருத்துவிச்சி. பல ஊர்களில் அவள் ஒடுக்கப்பட்ட சாதியைச் சேர்ந்தவள். வேறு நாட்களில் வாசற்படி ஏற விடப்படாதவள், பிள்ளைப்பேற்று நாளில் மட்டும் வீட்டின் உள்ளறை வரை போனாள். பிள்ளையை ஏந்தியவை அவள் கைகள். கொடியை அறுத்ததும் அவள். அதற்குப் பிறகு முப்பத்தொரு நாள் துடக்கு. பெற்றவளும் துடக்கு, பேறு பார்த்தவளும் துடக்கு. பேற்று வீட்டைக் கொத்திப் பேய் சுற்றும் என்ற பயமும் உண்டு.

பிறப்பின் அறிவு எங்கள் சமூகத்தில் இல்லாமல் இருக்கவில்லை. அது யாரிடம் இருந்தது என்பதுதான் பிரச்சினை. அது பெண்களிடம் இருந்தது. பெண்களிலும் தீண்டக்கூடாதவள் என்று தள்ளப்பட்டவளிடம் இருந்தது. ஆகவே அது அறிவாகவே கணிக்கப்படவில்லை. கோயிலின் அதிபுனிதமான இடத்துக்குக் கர்ப்பக்கிருகம் என்று பெயர் வைத்த அதே சமூகம், உண்மையான கர்ப்பத்தைச் சுமந்தவளைத் துடக்கென்று கோயிலுக்கு வெளியே நிறுத்தியது. இன்று நாங்கள் 'கலாசாரம்' என்று பெயரிட்டுக் காக்க முனையும் மௌனத்தின் அத்திவாரத்தில் சாதியும் ஆணாதிக்கமும் இருக்கின்றன. லண்டனுக்கு வரும்போது பெட்டிக்குள் நாங்கள் அறியாமல் வந்த பொருட்களில் இதுவும் ஒன்று.

5

இந்த மௌனம் ஒருமுறை எங்கள் மண்ணிலேயே உடைக்கப்பட்டது. அதைத்தான் நாங்கள் அதிகம் மறந்துவிட்டோம்.

1847இல் அமெரிக்க மிஷனைச் சேர்ந்த வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் யாழ்ப்பாணம் வந்தார். மானிப்பாயில் வைத்தியம் பார்த்துக்கொண்டே உள்ளூர் இளைஞர்களுக்கு மேலை மருத்துவம் படிப்பித்தார். முதலில் ஆங்கிலத்தில், பின்னர் தமிழில். அவரிடம் படித்து வெளியேறிய வைத்தியர்கள் அறுபதுக்கும் மேற்பட்டவர்கள். பாடநூல்கள் இல்லாததால் மாணவர்களின் துணையோடு அவரே மொழிபெயர்த்தார். உடற்கூற்றியலுக்கு 'அங்காதிபாதம்', உடற்றொழிலியலுக்கு 'சுகரணம்', இரசாயனத்துக்கு 'கெமிஸ்தம்' என்று சொற்களை உருவாக்கியும் தேடியும் எடுத்தார்கள். 1857இல் மோன்செல் என்பவரின் மகப்பேற்று மருத்துவ நூல் 'பிரசவ வைத்தியம்' என்ற பெயரில் தமிழில் வெளிவந்தது.

அந்த ஆண்டை உலக வரலாற்றில் பொருத்திப் பாருங்கள். லேவன்ஹூக் நுணுக்குக்காட்டியில் விந்தணுவைக் கண்டது 1677இல். அதன் பின்னரும் விந்தணுவின் தலைக்குள்ளே முழு மனிதன் குந்தியிருப்பதாகப் படம் வரைந்தார்கள் (ஹார்ட்சூக்கர், 1694). பாலூட்டிகளின் சூல்முட்டையை வொன் பேயர் கண்டுபிடித்தது 1827இல்தான். கடல் முள்ளியில் விந்தணுவின் கருவும் முட்டையின் கருவும் ஒன்றாவதை ஒஸ்கார் ஹேர்ட்விக் அவதானித்தது 1876இல். அதாவது பிள்ளை எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்கு முழுமையான பதில் 1857இல் உலகில் எவரிடமும் இருக்கவில்லை. லண்டனிலும் இல்லை, பேர்லினிலும் இல்லை. தெரிந்த அளவை அக்காலத்திலேயே யாழ்ப்பாணத்தில் தமிழில் படிக்கக்கூடியதாக இருந்தது.

கிறீன் புனிதரல்லர். மதம் மாற்றுவதற்காகவே அவரை அனுப்பினார்கள். அவரும் அதை மறைத்ததில்லை. அவருடைய தமிழ்மீது வடமொழிச் சுமையும் அதிகம். ஆனால் தாய்மொழியில் சொல்ல முடியாத உடல் உண்மை எதுவுமில்லை என்பதை அவரும் அவருடைய தமிழ் மாணவர்களும் செய்துகாட்டினார்கள். 1873இல் அவர் நாடு திரும்பினார். அங்கிருந்தும் வேலை செய்தார். 'மனுஷ சுகரணம்' 1883இல் வெளிவந்தது. அடுத்த ஆண்டு இறந்தார். அதற்கு முன்னரே, 1870இல், கொழும்பில் அரசாங்க மருத்துவக் கல்லூரி ஆங்கிலத்தில் தொடங்கியிருந்தது. பட்டமும் உத்தியோகமும் அங்கேதான். தமிழ் மருத்துவக் கல்வி மெல்லச் செத்தது. எங்கள் படித்த வர்க்கம் அதற்காக அழுததாகத் தெரியவில்லை. அது ஆங்கிலத்தைத் தேடிப் போய்க்கொண்டிருந்தது.

அறிவு வேறு வழியால் தொடர்ந்தது. 1898இல் இணுவிலில் பெண்களுக்கும் பிள்ளைகளுக்குமான மக்லியொட் ஆஸ்பத்திரி திறக்கப்பட்டது. இருபதாம் நூற்றாண்டில் இலங்கை முழுவதும் பயிற்றப்பட்ட மருத்துவ மாதுக்கள் வீடு வீடாகப் போனார்கள். 1930களில் ஒரு இலட்சம் பிறப்புகளுக்கு இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட தாய்மார் இறந்த நாட்டில், அந்த எண்ணிக்கை இன்று சில பத்துகளாகக் குறைந்திருக்கிறது. இதிலே பெரும் பங்கு அந்தப் பெண்களுடையது. தெருவில் துவிச்சக்கர வண்டியில் போன அந்த அம்மாவை எல்லாரும் அறிவோம். அவருடைய பைக்குள் என்ன இருக்கிறது என்று கேட்ட பிள்ளைக்கு, "உனக்குத் தம்பிப் பாப்பா" என்றுதான் சொன்னோம்.

பாடசாலையிலும் இதே கதைதான். சுயமொழிக் கல்வியால் சூலகம், கருப்பை, விந்து என்ற சொற்களெல்லாம் எங்கள் விஞ்ஞானப் புத்தகத்தில் அழகான தமிழில் அச்சாகியிருந்தன. நான் படித்த வகுப்பில் அந்த அத்தியாயம் வந்தபோது ஆசிரியர், "இதை வீட்டில வாசியுங்கோ" என்று பக்கத்தைப் புரட்டினார். வீட்டில் அம்மா அந்தப் பக்கத்தைக் கண்டு புத்தகத்தை மூடினார். சொல் இருந்தது, வாய் இருக்கவில்லை.

6

'வெள்ளைக்காரனுக்கு வெட்கமில்லை, எங்களுக்கு இருக்கிறது' என்பது அடுத்த கற்பிதம். வெள்ளைக்காரரின் வெட்கம் போய் அதிக காலமாகவில்லை. ஆங்கிலேயர் தங்கள் பிள்ளைகளுக்கு, நெல்லிக்காய் போன்ற 'கூஸ்பெரி'ப் பற்றைக்கு அடியில் குழந்தை கிடந்ததாகச் சொன்னார்கள். ஜேர்மன் மொழி பேசுவோர் நாரை கொண்டுவந்ததாகச் சொன்னார்கள். எங்கள் கேணியடிக்கும் அவர்களுடைய பற்றையடிக்கும் என்ன வித்தியாசம்?

நாரைக் கதையைப் பற்றிச் சிக்மன்ட் பிராய்ட் 1908இல் ஒரு கட்டுரை எழுதினார். பிராய்டின் எல்லா முடிவுகளையும் நான் ஏற்பவனல்ல. ஆனால் அதில் ஒரு அவதானம் இன்றும் நிற்கிறது: பிள்ளைகள் நாரைக் கதையை நம்புவதில்லை. நம்பாததைச் சொல்லாமல் வைத்துக்கொள்கிறார்கள். பெரியவர்கள்மீது கொள்ளும் முதலாவது அவநம்பிக்கை அங்கேதான் முளைக்கிறது. பெரியவர்கள் எதையோ மறைக்கிறார்கள், மறைப்பதால் அது தடுக்கப்பட்டது என்று பிள்ளை முடிவு செய்கிறது. என் பேத்தியின் முகத்தில் நான் கண்டது இதைத்தான். பிராய்ட் 1938இல் நாசிகளுக்குத் தப்பி இதே லண்டனுக்கு அகதியாக வந்து, அடுத்த ஆண்டு இங்கேயே இறந்தார் என்பதையும் அகதிகளாகிய நாங்கள் நினைவில் வைத்திருக்கலாம்.

இங்கிலாந்தில் பி.பி.சி. ஆரம்பப் பாடசாலைப் பிள்ளைகளுக்குப் பிறப்பு பற்றிய நிகழ்ச்சிகளை ஒளிபரப்பியது 1970இல்தான். அன்றைக்கும் எதிர்ப்பு எழுந்தது. 1993ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் இடைநிலைப் பாடசாலைகளில் பாலியற் கல்வியைக் கட்டாயமாக்கியபோது, பிள்ளையை விலக்கும் உரிமையைப் பெற்றோருக்குக் கொடுத்தது. ஆங்கிலேயப் பெற்றோரும் கேட்டுப் பெற்ற உரிமை அது. 2020 செப்ரெம்பரிலிருந்து இங்கிலாந்தின் ஆரம்பப் பாடசாலைகளில் உறவுக் கல்வி கட்டாயம். அதிலிருந்தும் விஞ்ஞான பாடத்திலிருந்தும் பிள்ளையை விலக்க முடியாது. ஆரம்பப் பாடசாலை அதற்கு மேலாகக் கொடுக்கும் பாலியற் கல்வியிலிருந்து மட்டுமே விலக்கும்படி கேட்கலாம். அந்தத் தகப்பனுக்கு இது தெளிவாகத் தெரிந்திருந்ததா என்று எனக்கு ஐயம்.

7

விலக்குவதன் விலை என்ன? இதற்கு இந்தியாவின் உதாரணம் போதும். 2007இல் மத்திய அரசின் வளரிளம் பருவக் கல்வித் திட்டத்தை மகாராஷ்டிரம், கர்நாடகம், மத்தியப் பிரதேசம் உட்படப் பல மாநிலங்கள் 'இந்தியக் கலாசாரத்துக்கு ஒவ்வாதது' என்று நிராகரித்தன. அதே 2007இல் இந்திய அரசின் பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சு பன்னிரண்டாயிரத்துக்கு மேற்பட்ட பிள்ளைகளிடம் நடத்திய ஆய்வை வெளியிட்டது. ஏதாவதொரு வகையான பாலியல் துன்புறுத்தலுக்கு ஆளானதாகக் கூறியவர்கள் நூற்றுக்கு 53 பேர். இரண்டு செய்திகளையும் ஒன்றாக வைத்து வாசித்தவர்கள் அதிகம் இல்லை. இலங்கையிலும் 2019-2020 காலத்தில் ஏழாம் ஆண்டு மாணவருக்கெனத் தயாரிக்கப்பட்ட இனப்பெருக்கச் சுகாதார நூல், பிக்குகளும் மற்றோரும் எதிர்த்ததால் முடக்கப்பட்டது. கலாசாரக் காவல் என்று வரும்போது சிங்களத் தேசியவாதிக்கும் தமிழ்த் தேசியவாதிக்கும் ஒரே அகராதிதான்!

தன் உடலுறுப்பின் பெயர் தெரியாத பிள்ளை, அந்த உறுப்பை ஒருவன் தொட்டான் என்று எப்படிச் சொல்லும்? பிறப்பைப் பற்றிக் கேட்டபோது பொய் சொன்ன தாயிடம், அதைவிடப் பாரமான ஒன்றை ஏன் கொண்டுவரும்? துன்புறுத்துபவர்களிற் பலர் பிள்ளைக்குத் தெரிந்தவர்கள்தான். எங்கள் சமூகம் இதற்கு விலக்கல்ல. நாங்கள் 'மாமா' என்றும் 'அண்ணா' என்றும் மரியாதையாக அழைக்கப் பழக்குகிறவர்களிலும் அப்படிப்பட்டவர்கள் இருக்கலாம். பிள்ளையின் மௌனம் அவர்களுக்குத்தான் வசதி.

இன்னொரு விலையும் உண்டு. இங்கு வளரும் பிள்ளைக்கு எப்படியும் பதில் கிடைத்துவிடும். பாடசாலை சொல்லும், இல்லாவிட்டால் தோழியோ கைத்தொலைபேசியோ சொல்லும். ஆங்கிலத்தில் சொல்லும். உடல், பிறப்பு, ஆசை, அச்சம் எல்லாவற்றுக்கும் ஆங்கிலமும், தேவாரத்துக்கும் திருக்குறளுக்கும் தமிழும் என்று பங்கு பிரிந்த பிறகு, அந்தப் பிள்ளைக்குத் தமிழ் எதற்கு? உண்மை பேச உதவாத மொழியை எந்தப் பிள்ளையும் வைத்திருக்காது. நாங்கள் சனிக்கிழமைகளில் காசு கட்டி அனுப்பிப் பயனில்லை.

8

அப்படியானால் எந்தத் தமிழில் சொல்வது?

வழக்கமாகக் கைக்கு வருவது 'விதை'. அப்பா விதை போட்டார், அம்மாவின் வயிற்றில் வளர்ந்தது. மென்மையாகத் தோன்றும் இந்தப் பதிலுக்குள் மனு இருக்கிறார். மனுஸ்மிருதியின் ஒன்பதாம் அத்தியாயம் பெண்ணை நிலமாகவும் ஆணை விதையாகவும் வைத்து, விதையே முதன்மை என்கிறது. கிரேக்க நாடகாசிரியர் எஸ்கிலஸ் கி.மு. 458இல் அப்பொல்லோவின் வாயால் தாய் பெற்றவளல்ல, வளர்ப்பவள் மட்டுமே என்று சொல்லவைத்தார். பிள்ளையும் சொத்தும் தகப்பனுக்கே என்ற உரிமைக்கு இந்த உருவகம் எப்படி ஆதாரமாகிறது என்று மானிடவியலாளர் லீலா துபே 1986இல் விரிவாக எழுதினார். வொன் பேயரும் ஹேர்ட்விக்கும் அந்த உருவகத்தை விஞ்ஞானத்தில் முறியடித்துவிட்டார்கள்: பாதி தாயிடமிருந்து, பாதி தகப்பனிடமிருந்து. எங்கள் வீட்டுப் பதில் இன்னும் 1827க்கு முன்னால் நிற்கிறது.

தமிழில் இதைவிட நல்ல சொல் இருக்கிறது. சூல். சங்கப் பாட்டில் மேகம் சூல் கொள்கிறது, பயிர் சூல் கொள்கிறது, பெண்ணும் சூல் கொள்கிறாள். அங்கே அருவருப்பும் இல்லை, பாவமும் இல்லை. துறவு இலக்கியம் வருவதற்கு முன்பே, வியப்பையும் உண்மையையும் ஒரே சொல்லில் வைத்திருந்தது இந்த மொழி. எங்கள் விஞ்ஞானப் புத்தகம் 'சூலகம்' என்று எழுதியபோது அந்தச் சொல்லைத்தான் எடுத்தது. நான் மேலே இல்லையென்று புலம்பிய மொழி உண்மையில் இருக்கிறது, நாங்கள் பாவிக்கவில்லை.

மருமகளிடம் கேட்டுக்கொண்டு, அடுத்த ஞாயிற்றுக்கிழமை பிள்ளைக்குச் சொன்னேன். தாயும் பக்கத்தில் இருந்தாள். "அம்மாவின்ர உடம்புக்குள்ள கருப்பை எண்டு ஒரு இடம் இருக்கு. அம்மாவில இருந்து ஒரு சின்னப் பாதி, அப்பாவில இருந்து ஒரு சின்னப் பாதி. ரெண்டும் சேர்ந்தாப்போல சூல். அது அந்தக் கருப்பைக்குள்ள இருந்து பிள்ளையா வளருது."

"கறுப்புப் பையோ தாத்தா?"

"இல்லை, கரு வளருற பை."

"உள்ளுக்கு இருட்டோ? சாப்பாடு?"

கொடியைப் பற்றிச் சொன்னேன். தன் தொப்புளைத் தொட்டுப் பார்த்தாள். "இதாலயோ?" என்று கேட்டாள். ஓமென்றேன். தாயின் வயிற்றில் காதை வைத்துக் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு விளையாடப் போய்விட்டாள். அவ்வளவுதான். ஐந்து வயதுக்கு அது போதும். இரண்டு பாதியும் எப்படிச் சேர்கின்றன என்று ஒரு நாள் கேட்பாள். அன்றைக்கும் தமிழில் சொல்ல வேண்டும். யாரிடம் கேட்கலாம் என்பது இப்போது அவளுக்குத் தெரியும்.

அந்தப் பெற்றோர் கூட்டம் மறுபடியும் கூடவிருக்கிறது. இம்முறை வாய் திறப்பதாக இருக்கிறேன். விலக்குங்கள் என்பதற்குப் பதிலாக, எங்கள் சனிக்கிழமைப் பாடசாலையின் ஆரம்ப வகுப்புக்கு உடலைப் பற்றிய ஒரு பாடத்தைத் தமிழில் எழுதுவோம் என்று முன்மொழியப் போகிறேன். மறுப்பவர்கள் இருப்பார்கள். இவ்விதழிலும் மறுத்து எழுதுங்கள். ஆனால் 'எங்கள் கலாசாரத்தில் இல்லை' என்று தொடங்க வேண்டாம். இருந்தது. அதை யாரிடமிருந்து மறைத்தோம் என்பதைப் பற்றித்தான் இனிப் பேச வேண்டும்.